டெபுஸிக்கும் சாக்ஸபோனுக்கும் நடக்காமல் போன சந்திப்பு

1872 அக்டோபர் 22. பாரிஸ் கன்சர்வேட்டரியில் பத்து வயதுப் பையன் ஒருவன் பியானோ படிக்கச் சேருகிறான். பெயர் க்ளோத் டெபுஸி, பின்னாளில் பிரான்சின் பெரிய இசையமைப்பாளர். அதே பள்ளியில் 1857 முதல் சாக்ஸபோன் வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது, நடத்தியவர் அந்த வாத்தியத்தைக் கண்டுபிடித்த அடோல்ப் சாக்ஸே. பிரஷ்யாவோடு போர் வந்தது, பணம் நின்றது, 1870-இல் வகுப்பு மூடப்பட்டது. பையன் வந்து சேர்ந்தபோது வாத்தியம் வெளியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வகுப்பு மறுபடி திறந்தது 1942-இல்தான். டெபுஸி படித்தது, 1889-இல் இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ரவேல் அதே பள்ளிக்கு வந்தது, இருவரும் தங்கள் வாழ்நாள் படைப்புகள் அத்தனையையும் எழுதி முடித்து மறைந்தது, எல்லாமே இந்த எழுபத்திரண்டு வருட இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிட்டன.

இன்றைக்கோ சாக்ஸபோன் குவார்ட்டெட், அதாவது உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல்வரை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என்று நான்கு சாக்ஸபோன்கள் மட்டும் உட்கார்ந்து வாசிக்கும் குழு, எந்த நாட்டில் கச்சேரி செய்தாலும் நிரலில் டெபுஸியோ ரவேலோ எட்டிப்பார்ப்பது சகஜம். இருவருமே இந்த அமைப்புக்காக ஒரு ஸ்வரம்கூட எழுதியதில்லை. பியானோவுக்கும் வயலின் குடும்பத்துக்கும் எழுதியதை மற்றவர்கள் மாற்றி எழுதியதைத்தான் நாம் கேட்கிறோம். இந்த இசை ஏன் இந்த வாத்தியங்களில் இவ்வளவு இயல்பாக உட்காருகிறது, எங்கே உட்கார மறுக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறேன். பலரும் "மங்கலான, மிருதுவான இசை, மிருதுவான வாத்தியம், அதனால் பொருந்துகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு சாக்ஸபோன்கள் டெபுஸியின் மேல் இருக்கும் மூட்டத்தை விலக்கி, உள்ளே ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று காட்டுகின்றன. பொருத்தம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இந்த இருவரின் இசைக்கும் ஒட்டிக்கொண்ட "இம்ப்ரஷனிசம்" என்ற பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1874-இல் ஓவியர் மொனேயின் சூரியோதய ஓவியத்தைப் பார்த்து ஒரு விமர்சகர் கிண்டலாகச் சொன்ன சொல் அது. இசைக்கு வந்ததும் திட்டாகத்தான்: 1887-இல் டெபுஸி ரோமிலிருந்து அனுப்பிய ஒரு படைப்பைப் பார்த்த பிரெஞ்சு கலைக்கழகம், இந்தத் தெளிவற்ற இம்ப்ரஷனிசத்திடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அறிக்கை எழுதியது. டெபுஸிக்கு அந்தச் சொல் கடைசிவரை பிடிக்கவில்லை, 1908-இல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பயன்படுத்துபவர்களை முட்டாள்கள் என்றே சொல்லியிருக்கிறார். ரவேலைப் பொறுத்தவரை அந்தப் பெயர் இன்னும் குறைவாகவே ஒட்டும், அவர் கடிகாரம் செய்பவரைப் போல ஒவ்வொரு பல்லையும் அளந்து வைப்பவர். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது, நாமும் வைத்துக்கொள்வோம்.

சரி, சாக்ஸபோன் அந்தக் காலத்தில் எங்கே இருந்தது? பெரும்பாலும் ராணுவ பேண்டில். பெல்ஜியத்தின் தினான் ஊரில் 1814-இல் பிறந்த சாக்ஸ், பாரிஸுக்கு வந்து 1846-இல் காப்புரிமை வாங்கினார். அவர் கண்டது ஒற்றை வாத்தியத்தை அல்ல, சின்னதிலிருந்து மிகப் பெரியதுவரை ஒரு முழுக் குடும்பத்தை. நாகஸ்வரம் போலவே கூம்பாக விரியும் குழாய், ஆனால் பித்தளையில். வாயில் கிளாரினெட்டுக்கு உள்ளது போன்ற ஒற்றை ரீட், அதாவது ஊதினால் அதிரும் நாணல் தகடு. குடும்பத்தில் எதை எடுத்தாலும் விரல் வைக்கும் முறை ஒன்றே. அப்படி ஒரே வார்ப்பில் செய்த வாத்தியங்களை நான்காகச் சேர்த்து வாசிக்கும் யோசனை சீக்கிரமே வந்துவிட்டது: ழான்-பாப்டிஸ்ட் சான்ஜலே 1857-இல் எழுதிய குவார்ட்டெட்டைத்தான் இந்த அமைப்பின் முதல் படைப்பாகச் சொல்கிறார்கள், வெளியிட்டவரும் சாக்ஸ்தான். ஆனால் வகுப்பு மூடியதும் அந்தக் கிளை அப்படியே காய்ந்துவிட்டது. ஆர்கெஸ்ட்ராவுக்குள் சாக்ஸபோன் எப்போதாவது விருந்தாளியாக வந்துபோகும். டெபுஸி பள்ளியில் சேர்ந்த அதே அக்டோபர் மாதம் முதல் தேதி அரங்கேறிய "லார்லேஸியன்" நாடகத்துக்கு பிஸே எழுதிய இசையில் ஆல்ட்டோ சாக்ஸபோன் அழகாக ஒலிக்கிறது. அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

டெபுஸிக்கு ஒரு வாய்ப்பு வீடு தேடி வந்தது, அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எலிஸ் ஹால் என்று ஒரு பெண்மணி, உடல்நலத்துக்காக சாக்ஸபோன் கற்றுக்கொண்டவர். வாசிக்க நல்ல படைப்புகள் இல்லை என்று பார்த்தார், தன் பணத்தைப் போட்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார். வான்சான் தாந்தி, ஆந்த்ரே கப்லே, ஃப்ளோரன் ஷ்மித் என்று அந்தப் பட்டியல் சாதாரணமானது அல்ல. டெபுஸியிடமும் கேட்டார், முன்பணமும் கொடுத்தார். டெபுஸி வருடக்கணக்கில் இழுத்தடித்தார். 1903-இல் நண்பர் பியேர் லூயிக்கு எழுதும்போது, இந்த ரீட் விலங்கின் குணங்கள் தனக்குச் சரியாகத் தெரியாது என்கிறார். அந்த அம்மாள் பாரிஸில் மேடையேறி வாசித்ததைக்கூட அவர் கேலியாகத்தான் பேசினார். கடைசியில் ஒரு சுருக்கப் பிரதி மட்டும் மிஞ்சியது, அதை இசையமைப்பாளர் ரொஜே-டுகாஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதி 1919 மே மாதம் அரங்கேற்றினார்கள். டெபுஸி 1918 மார்ச்சிலேயே போய்விட்டார்.

எனக்கு இதில் உறுத்துவது எலிஸ் ஹாலை வரலாறு நடத்திய விதம். பணக்காரப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த வருடங்களில் இந்த வாத்தியத்துக்குத் தீவிரமான இசை வேண்டும் என்று ஓடி ஓடிக் கேட்டவர் அவர்தான், சாக்ஸபோன் மாணவர்கள் இன்றும் வாசிக்கும் பல படைப்புகள் அவர் கேட்டு எழுதப்பட்டவை.

ரவேல் கதை வேறு. அவருக்கு வாத்தியத்தின் குணம் நன்றாகத் தெரியும். முசோர்க்ஸ்கியின் "கண்காட்சியில் ஓவியங்கள்" பியானோ படைப்பை 1922-இல் ஆர்கெஸ்ட்ராவாக்கியபோது, பழைய கோட்டை வரும் பகுதியின் பாட்டை ஆல்ட்டோ சாக்ஸபோனிடம் கொடுத்தார். 1928-இன் "பொலேரோ"வில் டெனரும் சொப்ரானோவும் ஆளுக்கொரு முறை முழு மெட்டையும் வாசிக்கின்றன (சொப்ரானோவைவிடச் சின்னதான சொப்ரானினோவுக்கும் எழுதியிருந்தார், இப்போது வழக்கமாக சொப்ரானோவிலேயே வாசித்துவிடுகிறார்கள்). அதே 1928-இல்தான் பாரிஸில், பிரெஞ்சுக் குடியரசுக் காவல்படையின் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த மார்செல் மூல் தன் சகாக்கள் மூவரோடு ஒரு சாக்ஸபோன் குவார்ட்டெட் தொடங்கினார். ரவேல் குடியிருந்ததும் பாரிஸுக்கு அருகில்தான். ரவேல் இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். அப்படியிருந்தும் அவரிடமிருந்து ஒரு குவார்ட்டெட் வரவில்லை.

மூலுக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. சான்ஜலே காலத்துப் படைப்புகள் மறந்துபோயிருந்தன. அதனால் அவரே உட்கார்ந்து மற்ற வாத்தியங்களின் இசையை நான்கு சாக்ஸபோன்களுக்கு மாற்றி எழுத ஆரம்பித்தார். இந்தக் குழுவைக் கேட்டுத்தான் அப்புறம் புதிய படைப்புகள் வந்தன: 1932-இல் கிளாஸுனோவ், அடுத்து ழான் ஃப்ரான்சே, கப்ரியேல் பியெர்னே, ஃப்ளோரன் ஷ்மித். கடைசி இரண்டு பேரைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். பியெர்னே டெபுஸியோடு கன்சர்வேட்டரியில் ஒன்றாகப் படித்தவர், 1910-இல் டெபுஸியின் "இபேரியா" முதல்முறை ஒலித்தபோது கோல் பிடித்தவர். ஷ்மித் ரவேலின் நெருங்கிய நண்பர் வட்டத்தில் ஒருவர். ஆக, நேரடியாக நடக்காத சந்திப்பு, நண்பர்கள் வழியாக இருபது முப்பது வருடம் தாமதமாக நடந்தது என்று சொல்லலாம். பியெர்னேயின் அந்தப் படைப்பு ஒரு நாட்டுப்புறச் சுற்றாட்டப் பாட்டை எடுத்துக்கொண்டு போகும், கேட்டுப் பாருங்கள், தொடக்கத்தின் ஹார்மனியில், அதாவது ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விதத்தில், பழைய வகுப்புத் தோழரின் வாசம் அடிக்கும்.

இனி விஷயத்துக்குள் போவோம். பியானோவுக்கு எழுதியதை நான்கு சாக்ஸபோன்களுக்கு மாற்றும்போது என்ன நடக்கிறது?

டெபுஸியின் ஹார்மனியில் முக்கியமான ஒரு பழக்கம், ஒரு கார்டை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டத்தை, அப்படியே தூக்கி அதே வடிவத்தில் மேலும் கீழும் நகர்த்துவது. பழைய இலக்கணப்படி ஒரு கார்டுக்கு அடுத்து எது வரவேண்டும் என்று விதி உண்டு, ஒவ்வொரு குரலும் வேறு திசையில் நகரவேண்டும் என்றும் உண்டு. டெபுஸியில் நாலைந்து ஸ்வரங்கள் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் போகும். அங்கே கார்டு என்பது அடுத்த இடத்துக்குப் போகும் படிக்கட்டாக இல்லாமல், மெட்டுக்குப் பூசிய நிறமாக ஆகிவிடுகிறது. "பியானோவுக்காக" என்ற 1901 தொகுப்பில் வரும் சாராபாண்ட் இதற்கு நல்ல உதாரணம். இப்படி எழுதிய இசைக்கு ஒரே குரல்வளம் உள்ள நான்கு வாத்தியங்கள் தேவை. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என்று கலந்து வைத்தால் கார்டுக்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலைநீட்டும். சாக்ஸபோன்களோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கார்டு நகரும்போது ஒரே பொருள் நகர்வதாகக் காதில் விழுகிறது, கொஞ்சம் ஆர்கன் மாதிரி.

அதோடு இன்னொன்று. பியானோவில் சுருதி நிலையானது, பன்னிரண்டு சமமான அரை ஸ்வரங்களாகப் பிரித்துவைத்தது. அந்தச் சமப் பிரிப்பில் மேஜர் கார்டின் மூன்றாம் ஸ்வரம், இயற்கையாக ஒலிக்கவேண்டியதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட் என்று வைத்தால் இது ஏழில் ஒரு பங்கு. தம்புரா மீட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தால் தானாகக் கேட்கும் அந்தக் காந்தாரம் இருக்கிறதே, அதுதான் இயற்கையான மூன்றாம் ஸ்வரம். சாக்ஸபோன்காரர்கள் உதட்டால் சுருதியை நூலிழை அளவுக்குக் கூட்டிக் குறைக்கமுடியும் என்பதால், நல்ல குவார்ட்டெட் ஒன்று கார்டைப் பிடித்து நிறுத்தும்போது அந்தக் காந்தாரம் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பியானோவில் நூறு முறை கேட்ட அதே கார்டு அப்போது வேறு ஏதோ புதிய கார்டு போல ஒளிர்கிறது. நிறத்துக்காகவே கார்டு எழுதிய ஒருவரின் இசையில் இது சின்ன விஷயம் இல்லை. மூலும் அவர் வழி வந்தவர்களும் வைப்ராட்டோவை, அதாவது ஸ்வரத்தை லேசாக அசைத்து வாசிப்பதை, தாராளமாகப் பயன்படுத்தினார்கள். தனி வாசிப்பில் அது இனிமை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் அசைத்தால் இப்போது சொன்ன ஒளி கலங்கிப்போகும். அசைவைக் குறைத்து வாசிக்கும் குழுக்களையே இந்த இசைக்கு நான் தேடிக் கேட்பேன்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. டெபுஸிக்குப் பிடித்த ஒன்பதாம் ஸ்வரம் சேர்த்த கார்டில் ஐந்து ஸ்வரங்கள், வாசிப்பவர்கள் நான்கு பேர். யாரை வெளியே அனுப்புவது? பெரும்பாலும் ஐந்தாம் ஸ்வரத்தை விட்டுவிடுவார்கள், அடி ஸ்வரத்தின் ஓசைக்குள்ளேயே அது மங்கலாக ஒலித்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால் காது பெரிதாகத் தேடாது. சில இடங்களில் அடி ஸ்வரத்தையே விட்டு, முந்தைய இடத்தில் அது கேட்டிருந்ததை நம் காது நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி விடுவதும் உண்டு. பியானோவின் இரண்டு கைகளில் எட்டு ஸ்வரங்கள் விழும் இடத்தில் அரேஞ்ச் செய்பவருக்கு வேலை இன்னும் கடினம். நான்கை மட்டும் வைத்து எட்டின் நிறையைக் கொண்டுவரவேண்டும். இங்கேதான் ஒரு அரேஞ்ச்மென்ட் எழுதியவரின் காது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சுருதி விஷயம், கேட்பவர்களுக்குத் தெரியாமல் வாசிப்பவர்களை ஆட்டிவைப்பது. சாக்ஸபோன்கள் எழுதியபடி ஒலிக்காத வாத்தியங்கள், தாளில் ஒரு ஸ்வரம் இருக்கும், காதில் வேறு ஸ்வரம் விழும். ஆல்ட்டோவுக்கும் பாரிட்டோனுக்கும் எழுதும்போது மூன்று பிளாட், அதாவது அரை ஸ்வரம் இறக்கும் குறி, குறையும், சொப்ரானோவுக்கும் டெனருக்கும் இரண்டு குறையும். டெபுஸிக்கு பிளாட் நிறைந்த சுருதிகள் என்றால் உயிர். "க்ளேர் டி லூன்" என்ற நிலவொளிப் படைப்பு டி பிளாட் மேஜர், ஐந்து பிளாட். சாக்ஸபோன் குவார்ட்டெட்டில் இது ஆல்ட்டோ கையில் இரண்டு பிளாட் ஆகிறது, சொப்ரானோ கையில் மூன்று. இரண்டுமே பள்ளிக்கூட பேண்டில் வாசிக்கும் பிள்ளைகளுக்கே பழக்கமான சுருதிகள். 1910 ப்ரெலூட் தொகுப்பில் உள்ள சணல்நிறக் கூந்தல் பெண் பற்றிய படைப்பு ஜி பிளாட், ஆறு பிளாட். அது ஆல்ட்டோவுக்கு மூன்று, டெனருக்கு நான்கு. பியானோ மாணவர்கள் கறுப்புக் கட்டைகளில் தடுமாறும் பக்கங்களை இவர்கள் சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல வாசித்துவிடுவார்கள். இதற்கு நேர் எதிர், நான் மேலே சொன்ன சாராபாண்ட். சி ஷார்ப் மைனர், நான்கு ஷார்ப், அதாவது அரை ஸ்வரம் ஏற்றும் குறிகள். சாக்ஸபோனுக்கு வந்ததும் ஷார்ப்கள் ஏறும்: டெனருக்கு ஆறு, ஆல்ட்டோவுக்கு ஏழு. ஏழு ஷார்ப் போட்ட பக்கத்தை யாரும் விரும்பி நிமிர்த்திப் பார்ப்பதில்லை, ஐந்து பிளாட்டாகத் திருப்பி எழுதுவார்கள், இல்லையென்றால் மொத்தப் படைப்பையும் அரை ஸ்வரம் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் துரோகம் என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, விரல் சுலபமாக நகர்ந்தால் காது சுருதியைக் கவனிக்கும்.

பியானோவிடமிருந்து எடுக்கவே முடியாத ஒன்று இருக்கிறது: பெடல். மிதித்துப் பிடித்தால் எல்லாத் தந்திகளும் திறந்து ஒன்றுக்குள் ஒன்று கரையும். டெபுஸி அந்தக் கரைசலை நம்பியே எழுதினார். சாக்ஸபோனில் பெடல் கிடையாது, ஸ்வரம் நிற்கவேண்டும் என்றால் ஒருவர் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே அரேஞ்ச் செய்பவர், பெடலில் மயக்கமாக நின்றவற்றில் எது நிற்கவேண்டும், எது அழியவேண்டும் என்று தாளில் முடிவெடுத்தாக வேண்டும். "க்ளேர் டி லூன்" தொடக்கத்தில் இரண்டு கைகளும் மேலேயே இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது, தரையே இல்லாமல் மிதப்பதுபோல. நல்ல அரேஞ்ச்மென்டில் பாரிட்டோன் அங்கே வாயைத் திறக்காது. பாவம் அவருக்கும் வேலை கொடுப்போம் என்று அடியில் ஒரு ஸ்வரத்தை நிறுத்தியவர்கள் இருந்தால் படைப்பு தொடங்கும்போதே கெட்டது. பின்னால், இருபத்தேழாவது பாரிலிருந்து (தாளக் கட்டத்திலிருந்து) இடது கை அலையலையாக ஓட ஆரம்பிக்கும். அதை ஒருவரே ஊதினால் மூச்சு போதாது, ஆகவே பாரிட்டோன் தொடங்கியதை டெனர் வாங்கி ஆல்ட்டோவிடம் கொடுக்கும்படி பிரித்து எழுதுவார்கள். அஞ்சலோட்டம் மாதிரி. கை மாறும் இடம் கேட்கக் கூடாது. அதைக் கேட்காமல் செய்ய நான்கு பேரும் மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி எடுத்திருக்கவேண்டும்.

இதைவிட அடிப்படையான வித்தியாசமும் உண்டு. பியானோ ஸ்வரம் தட்டிய நொடியில் பிறந்து உடனே தேய ஆரம்பிக்கிறது. சாக்ஸபோன் ஸ்வரம் பிறந்தபிறகு வளரும், ஏறும், இறங்கும். பாட்டு உள்ள படைப்புகளுக்கு இது வரம். தண்ணீரைப் பற்றிய படைப்புகளுக்கு இது பெரிய தொந்தரவு. ரவேலின் 1901 "ழு தோ", டெபுஸியின் நீரில் பிரதிபலிப்புகள் பற்றிய 1905 படைப்பு, இவற்றில் தண்ணீர் என்று நாம் உணர்வது அந்தத் தெறித்துத் தேயும் ஒலியைத்தான். அதைச் சாக்ஸபோன்களில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு சுத்தமாக ஊதினாலும் திறமைதான் கேட்கும், நீர் கேட்காது. இவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பொருந்துபவை நிறைய. டெபுஸியின் 1889 "பெதித் ஸ்வீத்" இரண்டு பேர் நான்கு கைகளால் ஒரே பியானோவில் வாசிக்க எழுதியது, ஏற்கெனவே நான்காகப் பிரிந்து நிற்கிறது. படகில் போகும் முதல் பகுதியை சொப்ரானோ எடுத்தால் போதும், மற்றவை தானாக அமையும். ஆன்ரி பூஸேர் 1907-இலேயே இதை ஆர்கெஸ்ட்ராவாக்கிவிட்டார், டெபுஸி உயிரோடு இருக்கும்போதே. "மூலத்தை மாற்றலாமா" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: அந்த வட்டத்தில் ஒருவர் பியானோவை மற்றவர் வேறு வாத்தியங்களுக்கு மாற்றுவது அன்றாடப் பழக்கம். கப்லே டெபுஸியின் குழந்தைகள் தொகுப்பை மாற்றினார், அந்த சாராபாண்டை ரவேலே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார், தன் சொந்தப் படைப்புகளையும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தார்.

அப்படி அவர் மாற்றியவற்றில் "லு தோம்போ த கூப்ரன்" எனக்கு மிகவும் நெருக்கமானது. 1914 முதல் 1917 வரை, முதல் உலகப் போருக்கு நடுவில் எழுதிய ஆறு பகுதிகள், ஒவ்வொன்றும் போரில் இறந்த நண்பர்களுக்குக் காணிக்கை. ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது ரவேல் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃப்யூகையும், வேகமான டொக்காட்டாவையும் விட்டுவிட்டார். அவர் விட்ட ஃப்யூக் சாக்ஸபோன்களில் மிக அழகாக வரும். மூன்று குரல் படைப்பு அது, பியானோவில் மூன்றையும் பிரித்துக் காட்ட வாசிப்பவர் படாத பாடு படவேண்டும். தனித்தனி ஆள் வாசித்தால் ஒவ்வொரு குரலும் எங்கே நுழைகிறது, எங்கே தயங்குகிறது, யாருடைய வாக்கியத்தை யார் முடித்துவைக்கிறார் என்பதெல்லாம் கண்ணாடிபோல் தெரிகிறது. நான் முன்னால் சொன்ன மூட்டம் விலகுவது இதுதான். முதல் பகுதியான ப்ரெலூட் மட்டும் சிக்கல், மூச்சு விட இடமே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ரவேல் அதை ஓபோவிடம் கொடுத்து அந்தக் கலைஞர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திணறவைத்தார், சொப்ரானோ சாக்ஸபோனுக்கும் அதே கதிதான்.

ரவேலின் இசையை மாற்றி எழுதுவதில் சட்டச் சிக்கலும் நெடுநாள் இருந்தது. அவர் இறந்தது 1937 டிசம்பரில். பதிப்புரிமைக் காலத்துக்குக் கிடைத்த போர்க்கால நீட்டிப்புகள் சேர்ந்து பிரான்சில் "பொலேரோ" உரிமை முடிந்து எல்லோருக்கும் பொதுவானது 2016 மே மாதம்தான். அதுவரை அங்கே அதன் எந்த அரேஞ்ச்மென்டுக்கும் உரிமை உள்ளவர்களின் அனுமதி வேண்டியிருந்தது.

இனி இரண்டு தந்திக் குவார்ட்டெட்கள். டெபுஸி 1893, ரவேல் 1903. சாக்ஸபோன் குழுக்களுக்கு இவை இரண்டும் மலையேற்றம் மாதிரி, எப்படியும் ஒருநாள் ஏறிப்பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மேலோட்டமாகப் பார்த்தால் சுலபம்: முதல் வயலின் சொப்ரானோவுக்கு, இரண்டாவது ஆல்ட்டோவுக்கு, வியோலா டெனருக்கு, செல்லோ பாரிட்டோனுக்கு. நான்கும் நான்கும் சரி. ஆனால் வயலினின் கடைசித் தந்தி ஜி, சொப்ரானோவின் கடைசி ஸ்வரமோ அதற்கு அரை ஸ்வரம் மேலே உள்ள ஏ பிளாட். டெபுஸியின் குவார்ட்டெட் ஜி மைனர், அதாவது வீட்டு வாசற்படியே இல்லை! அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஆல்ட்டோவோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். மேலே வயலின் ஏறும் உயரத்துக்கு சொப்ரானோ சாதாரணமாக ஏறாது, தனிப் பயிற்சியால் பிடிக்கும் மேல்வரிசை ஸ்வரங்கள் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி இறக்கவேண்டும். அடியில் மட்டும் ஒரு அதிர்ஷ்டம்: இந்தக் காலத்துப் பாரிட்டோன்களில் கூடுதலாக ஒரு சாவி வைத்துக் கொஞ்சம் நீளமாகச் செய்கிறார்கள், அதன் கடைசி ஸ்வரம் செல்லோவின் கடைசித் தந்தியான சி-யோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

இரண்டு குவார்ட்டெட்களிலும் இரண்டாம் பகுதி, தந்தியை விரலால் சுண்டி வாசிக்கும் பிட்ஸிகாட்டோ நிறைந்தது. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜாவாவிலிருந்து வந்த கேமலான் என்ற தட்டுவாத்தியக் குழுவைக் கேட்டு டெபுஸி மயங்கினார், அந்தத் தட்டொலிகளின் பின்னல் இந்தப் பக்கங்களில் இருப்பதாகப் பலர் சொல்வதை நானும் நம்புகிறேன். சாக்ஸபோனில் சுண்ட எதுவும் இல்லை. நாக்கை ரீட்டில் ஒட்டி வெடுக்கென்று இழுத்து "டப்" என்று எழுப்பும் ஒலி ஒன்று உண்டு, வாசிப்பவர்கள் ஸ்லாப் டங் என்பார்கள். அதைப் பக்கம் முழுக்கப் பயன்படுத்தும் குழுக்கள் இருக்கின்றன. முதல் அரை நிமிடம் பிரமாதமாக இருக்கும், அதற்குமேல் காது ஒலியை விட்டுவிட்டு வித்தையைப் பார்க்க ஆரம்பிக்கும். மெல்லிய நாக்குத் தொடுதலும், முடிவில் கொஞ்சம் காற்றோடு வட்டமாக விடுவதுமே எனக்குச் சுண்டிய தந்திக்கு அருகில் வருவதாகத் தோன்றுகிறது. பாரிட்டோனில் மட்டும் ஸ்லாப் போட்டு மற்ற மூவரும் இப்படி வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கத்ரி கோபால்நாத் வழியாகவும் சினிமாப் பாட்டு வழியாகவும் சாக்ஸபோனைப் பழகிய நம் காதுக்கு ஒரு விஷயம் முதலில் விசித்திரமாக இருக்கலாம். நமக்கு அது தனிக்குரல், கமகத்தோடு முன்னால் நின்று பாடும் குரல். இங்கே நான்கு பேருமே பின்னால் ஒதுங்கத் தயாராக இருக்கிறார்கள். டெபுஸியின் பக்கங்களில் பெரும்பகுதி மெல்ல, மிக மெல்ல என்றுதான் குறித்திருக்கும். சாக்ஸபோனோ பேண்டில் திறந்த வெளியில் கேட்கவேண்டும் என்று பிறந்தது, அதிலும் கீழ்க்கோடி ஸ்வரங்களை மெல்ல ஊதுவது சுலபமே இல்லை, ரீட் பேச மறுக்கும் அல்லது திடீரென்று பேசிவிடும்.

இது மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது டெபுஸி குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதியில். மறுபடியும் டி பிளாட் மேஜர், ஆகவே விரல்களுக்கு நிம்மதி. தந்திகளில் சூர்தீன் என்ற அடைப்பானை மாட்டிக்கொண்டு தொடங்குவார்கள், ஒலி பஞ்சுக்குள்ளிருந்து வரும். சாக்ஸபோன்காரர்கள் தாடையைத் தளர்த்தி, ரீட்டை அரைகுறையாக மட்டும் அதிரவிட்டு, மூச்சே அதிகம் கேட்கும் சப்டோன் என்ற முறையில் அதைக் கொண்டுவருகிறார்கள். நடுவில் வியோலா தனியாகப் பாட வரும் இடம் டெனருக்குப் போகிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் மூலத்தைவிட எனக்கு சாக்ஸபோன் பிடிக்கும் என்று தயங்காமல் சொல்வேன், டெனரின் நடுக்குரலில் மனிதர் ஒருவர் பேசுகிற நெருக்கம் இருக்கிறது. கடைசியில் எல்லாம் அடங்கி மேலே ஒரு கார்டு மட்டும் நிற்கும். வயலின்காரர் வில்லின் கடைசி நூலிழைவரை இழுத்து ஒலியை ஒன்றுமில்லாததில் கரைத்துவிடலாம். ரீட் அப்படிக் கரையாது, காற்று ஒரு அளவுக்குக் கீழே போனதும் சட்டென்று நின்றுவிடும். அதனால் நான்கு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்: முதலில் பாரிட்டோன் விலகவேண்டும், பிறகு டெனர், பிறகு ஆல்ட்டோ, ஒவ்வொருவரும் அடுத்தவரின் ஒலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. கடைசியாக விடும் சொப்ரானோவுக்கு ஒளிய யாரும் இல்லை.